ஒரு மணி நேரச் சறுக்கல்

தம்பி, கோவிச்சுக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருக்கேன், கண்ணு தானா போயிருச்சு. இப்ப உங்க போன்ல ஓடுச்சே, ஈரத் தரையில ஒரு கார் வாலை வீசிக்கிட்டு வட்டமா சுத்திக்கிட்டே இருக்குமே, அதைத் திரும்பப் போடுங்களேன். ஆமா, இந்தப் பொண்ணுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல நிறுத்தாம சறுக்கிக்கிட்டே ஓட்டி உலக சாதனை பண்ணிருச்சுன்னு கீழ எழுதியிருக்கு பாருங்க. நீங்க இதை நம்புறீங்களா?

சிரிக்காதீங்க தம்பி, நெசமாத்தான் கேக்குறேன். யாரைப் பாத்தாலும் நான் இதைத்தான் கேக்குறேன். படிச்சவங்ககிட்ட கேட்டுட்டேன், கோயில் சாமியார்கிட்ட கேட்டுட்டேன், ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குற பையன்கிட்ட கேட்டுட்டேன். எல்லாரும் பொதுவா தலையாட்டுறாங்களே தவிர, பொய்னு ஒருத்தர் வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்குறாங்க.

என் பேரு சவரிமுத்து. திண்டுக்கல். அரசு பஸ் டிரைவரா இருந்து ஓய்வு வாங்கினவன். முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டீரிங் பிடிச்சேன், ஒரு கோழிக்குஞ்சு என் சக்கரத்துல பட்டதில்ல. இப்ப நம்ம பஸ்ஸை ஓட்டுற இந்த டிரைவரைப் பாருங்க, வளைவுக்குள்ள வந்தப்புறம் பிரேக்கை மிதிக்கிறான். முன்னாடியே மிதிச்சிருக்கணும். சரி, அது அவன் பாடு. நான் சொல்ல வந்தது என்னன்னா, டயர் ரோட்டைப் பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் ஒருத்தன் டிரைவர். டயர் சறுக்கிருச்சுன்னா அவனும் பாசஞ்சர்தான். அதைப் போய் ஒரு மணி நேரம் வேணும்னே சறுக்கினாங்களாம், அதுக்கு டிரிஃப்டிங்னு ஒரு பேராம், அதுக்கு ஒரு சாதனையாம்.

என் பையன் பெலிக்ஸ் நம்புனான். ஒரே பையன். கார் பட்டறையில வேலை. இந்த வீடியோவை அவன் பாத்த மாதிரி ஜெபப் புத்தகத்தைப் பாத்திருந்தா இந்நேரம் குருவானவரா ஆகியிருப்பான். சாப்பிடும்போது பாப்பான். பல்லு விளக்கும்போது பாப்பான். அவங்கம்மா புஷ்பத்தைக் கூப்பிட்டு வச்சுக் காட்டுவான். அவளும் இட்லிச் சட்டியை இறக்கி வச்சுட்டு வந்து, ஆமாடா, நல்லாத்தான் சுத்துதுன்னு சொல்லிட்டுப் போவா.

நான் விடல. நான் டிரைவர், என்கிட்டயே கதை விடுறதா? ஒரு மணி நேரம் தேய்ச்சா டயர் என்னாகும்னு கேட்டேன். தரையில தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும்ப்பா, தேயாதுன்னான். இஞ்சின் கொதிக்காதான்னு கேட்டேன். அதுக்கும் ஒரு பதில் வச்சிருந்தான். அப்புறம் நான் வீடியோவை உத்து உத்துப் பாத்து நிழலைப் பிடிச்சேன். ஒரு மணி நேரம்னா வெயில் நகரணுமா இல்லையா? ஓரத்துல நிக்குற கொடிக்கம்பத்தோட நிழல் அசையவே இல்ல. துண்டு துண்டா வெட்டி ஒட்டியிருக்கான்னு சொன்னேன். அது சுருக்கிப் போட்ட வீடியோப்பா, முழுசு வேற இருக்குன்னான். முழுசை எவன் பாத்தான்?

அப்ப அவன் ஒரு வார்த்தை சொன்னான். அதுலதான் எனக்குக் கோவம் வந்துச்சு. அதைச் சொல்லணும்னா ஒரு பழைய விஷயம் சொல்லணும்.

சின்னப் புள்ளையில லீவு விட்டா பெலிக்ஸ் என்கூடத்தான் பஸ்ல வருவான். எனக்குப் பக்கத்துல இஞ்சின் மூடிமேல உக்காந்துக்குவான். ஒரு தடவை கொடைக்கானல் மலையில இருந்து இறங்கிக்கிட்டு இருக்கேன், சரியான மழை. ஒரு வளைவுல பஸ்ஸோட பின்பக்கம் கழண்டுச்சு. அந்தப் பக்கம் பள்ளம். பிரேக்கைத் தொட்டா அவ்வளவுதான். வால் எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கமே ஸ்டீரிங்கைத் திருப்பி, ஆக்சிலேட்டரை விடாம, நடுக்கமில்லாம பிடிச்சு நேராக்கிட்டேன். பஸ்ல இருந்தவங்க பாதிப்பேருக்கு நடந்ததே தெரியாது. பெலிக்ஸுக்கு மட்டும் தெரிஞ்சுச்சு. வத்தலக்குண்டுல இறங்கி டீ குடிக்கும்போதுகூட அவன் என் கையவே பாத்துக்கிட்டு இருந்தான்.

இந்த விஷயத்தை எடுத்துப் போட்டுச் சொல்றான்: "அன்னைக்கு மலையில நீ பண்ணதுதாம்ப்பா இது. நீ ஒரு நொடி பண்ணே. இவங்க ஒரு மணி நேரம் பண்றாங்க."

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. நான் அத்தனை உசுரைக் காப்பாத்துனதும் இந்தக் கூத்தும் ஒண்ணா? மாதா கோயில் திருவிழாவுக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்தாங்க. பந்தியில வச்சே கேட்டேன். என் மகன் பொய்யை நம்பி வளந்துட்டான், பொம்பளப் புள்ள ஒண்ணு கார்ல ராட்டினம் சுத்துதாம், அதை எங்கூட ஜோடி சேக்குறான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் மட்டும் இலையையே பாத்துக்கிட்டு இருந்தான். நான் அதோட விட்டிருக்கலாம்தான். ஆனா வாதம்னா அதை முடிச்சு வைக்கணும்ல? என் கண்ணு முன்னாடி பத்தே பத்து சுத்து நீ சுத்திக் காட்டுடா, அப்ப நம்புறேன்னுட்டேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே. வீட்டுக்கு வீடு அப்பன்மாரு இதைவிடப் பெரிசாவே பேசுறாங்க.

அவன் சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

அதுக்கப்புறம் எங்கேயோ ஒரு பழைய காரைப் பிடிச்சான். பின் சக்கரம் தள்ளுற வண்டி, அதுலதான் இந்த வேலை நடக்குமாம். ஊருக்கு வெளிய மூடிக்கிடக்கிற நூல் மில்லு ஒண்ணு இருக்கு, உள்ள பெரிய சிமெண்டுத் தளம். இர்பான்னு அவன் சேக்காளி ஒருத்தன், ரெண்டு பேரும் வேலை முடிஞ்சா அங்கதான் கிடப்பாங்கன்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் ஆரம்பிச்சு ரெண்டாவது ஞாயிறு. பூசை முடிஞ்சு வெளிய வர்றேன், வாசல்ல நிக்குறான். வாப்பா, ஒண்ணு காட்டணும்னான். அந்த மில்லுக்குக் கூட்டிட்டுப் போனான். இர்பான் தரையை நனைச்சு வச்சுட்டுப் போனைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னான். என்னை ஓரமா ஒரு கல்லுல உக்கார வச்சு, எந்திரிக்காதப்பான்னு சொல்லிட்டுப் போய் வண்டியில ஏறுனான்.

சுத்துனான் தம்பி. சுத்துனான். இஞ்சின் கத்துது, வால் வெளிய வீசுது, தண்ணி சுவர் மாதிரி எந்திரிச்சு அடிக்குது. ரப்பர் நாத்தம். பத்தைத் தாண்டியிருக்கும், நான் எண்ணல. எண்ணுற நிலைமையிலயா இருந்தேன்? முப்பது வருஷமா எது நடந்துறக்கூடாதுன்னு உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டுனேனோ, அது என் கண்ணு முன்னாடி திரும்பத் திரும்ப நடந்துக்கிட்டே இருக்கு, உள்ள என் புள்ள. வண்டி அவன் பிடியில இல்ல, அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் பக்கமா வரும்போது ஒரு தடவை அவன் மூஞ்சி தெரிஞ்சுச்சு. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. பயத்துல வாய் அப்படிக் கோணிக்கும் தம்பி, நான் பாத்திருக்கேன்.

அதுக்கு மேல எப்படி உக்காந்திருக்கிறது? எந்திரிச்சு ஓடுனேன். கை ரெண்டையும் தூக்கி வீசிக்கிட்டு, நிறுத்துடா நிறுத்துடான்னு கத்திக்கிட்டு, நேரா நடுவுல போய் நின்னேன். இந்த முழங்காலை வச்சுக்கிட்டு நான் எப்படி அப்படி ஓடுனேன்னு எனக்கே தெரியல. இர்பான் பின்னால இருந்து ஏதோ கத்துனான். வண்டி என்னைப் பாத்து வந்துச்சு. அப்புறம் வெடுக்குன்னு ஒடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போச்சு. அந்தப் பக்கம் பருத்தி லாரிக்கு எடை போடுற மேடை. அதோட சுவர்ல டிரைவர் பக்கமே போய் இடிச்சுருச்சு.

நான் சொன்ன மாதிரியே ஆயிருச்சு பாத்தீங்களா. பிடி இல்லாத வண்டி கடைசியில சுவர்லதான் போய் நிக்கும்.

உசுரு இருக்கு. மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம், இப்ப வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு. முதுகெலும்புல அடி, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. வரும், வராதுன்னு டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேங்குறாரு. அதுகூடப் பரவாயில்ல தம்பி, கர்த்தர் கண்ணைத் திறப்பாரு. ஆனா அவன் என்கிட்டப் பேச மாட்டேங்குறான். தலையிலயும் அடி பட்டிருக்கும்னு நெனைக்கிறேன். டாக்டர் ரெண்டு தடவை ஸ்கேன் பாத்துட்டுத் தலையில ஒண்ணுமில்லங்குறாரு. ஒண்ணுமில்லன்னா எப்படி? அவங்கம்மாகிட்டத் தண்ணி கேக்குறான். இர்பான் வந்தா கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிச்சுப் பேசுறான். ஊசி போட வர்ற நர்சுகிட்ட உங்க ஊரு எது அக்கான்னு விசாரிக்கிறான். நான் உள்ள போனா கண்ணை மூடிக்குவான். இது ஒரு மாதிரி தலையடி. சில ஆளுங்களை மட்டும் மறந்துருமாம், எங்க தெருவுல ஒருத்தர் சொன்னாரு.

இர்பான் அன்னைக்குப் பிடிச்ச வீடியோ என் போன்ல இருக்கு. புஷ்பம் அதைப் பாக்க மாட்டேன்னுட்டா. நான்தான் சொந்தக்காரங்க எல்லாருக்கும் காட்டுறேன். அப்பன்காரன் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாத்தான்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லிரக்கூடாதுல்ல? நான் ஓடுறது அதுல தெளிவாத் தெரியுது. பாக்குறவங்க போனை என் கையில குடுத்துட்டுப் போயிருவாங்க. என் மச்சான் மட்டும் தோளைத் தட்டிட்டுப் போனாரு.

சரி, இதுக்கெல்லாம் மூலம் யாரு? இந்தப் பொண்ணு. மிருதுளா. ஒரு பொய்யை வீடியோவாப் போட்டு ஊரான் வீட்டுப் புள்ளையைப் படுக்க வச்சுட்டா. அந்த வீடியோவுக்குக் கீழ நான் போடாத கமெண்டு இல்ல. போலீசுல போய்ச் சொன்னேன், இதுல என்னங்க கேசு இருக்குன்னு அனுப்பிட்டாங்க. கடைசியில நேராவே போனேன். கோயம்புத்தூர்கிட்ட கிணத்துக்கடவு, அதுக்குப் பக்கத்துல தோப்புக்குள்ள ஒரு மைதானம் வச்சிருக்கு, அங்கதான் பழகுது, நாலு பேருக்குச் சொல்லியும் குடுக்குது. இப்பவும் அங்கதான் போயிக்கிட்டு இருக்கேன், அதை அப்புறம் சொல்றேன்.

போனா, நான் நெனைச்ச மாதிரி இல்ல. ஒல்லியா, வெயில்ல கறுத்துப்போய், காலுல ரப்பர் செருப்போட நிக்குது. கமெண்டு போடுற சவரிமுத்து நான்தான்னு சொன்னேன். உக்காருங்க சார்னுச்சு. மோர் குடுத்துச்சு. முழு வீடியோவைக் கேட்டேன். ஒரு லேப்டாப்பைக் கொண்டாந்து வச்சுப் போட்டுவிட்டுச்சு, மேல இருந்து எடுத்தது, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும். நான் முழுசும் உக்காந்து பாத்தேன். நிழல் நகருது. கொடிக்கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது மெல்ல அந்தப் பக்கம் வருது. சரி, நிழலையும் கம்ப்யூட்டர்ல நகத்தலாம்ல?

அதைச் சொன்னேன். அந்தப் பொண்ணு கோவப்படல. வாங்க, வந்து உக்காருங்கன்னு என்னைக் காருக்குக் கூட்டிட்டுப் போச்சு. தலையில ஹெல்மெட்டு, மாருல நாலு பக்கமும் பெல்ட்டு.

என்ன சொல்றது தம்பி. முதல் சுத்துல அந்தோணியாரேன்னு கண்ணை மூடிக்கிட்டேன். அப்புறம் தொறந்தேன். அது முன்னாடி பாக்கவே இல்ல. பக்கக் கண்ணாடி வழியா, வண்டி எங்க போகணுமோ அங்க பாக்குது. ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிச்சு வச்சிருக்கு, ஆனா இறுக்கிப் பிடிக்கல, விரல் சும்மா மேல கிடக்கு, ஸ்டீரிங்கு அதுவா உள்ள வழுக்கிக்கிட்டு இருக்கு. கால் மட்டும் ஆக்சிலேட்டர்ல துடிக்குது, தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி. எத்தனை சுத்துன்னு தெரியல. ஒரு கட்டத்துல வண்டி சறுக்குற மாதிரியே இல்ல, நிக்குற மாதிரி இருந்துச்சு. ஊரு உலகம்தான் சுத்துது. என் கை என்னை அறியாம மடியில ஸ்டீரிங் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அதைப் பாத்துட்டுச் சிரிச்சுச்சு அந்தப் பொண்ணு.

நிறுத்தினப்புறம் கேட்டுச்சு, பையனுக்கு எப்படி சார் ஆச்சுன்னு. சொன்னேன், உங்களுக்குச் சொன்ன மாதிரியே எல்லாத்தையும். நான் நடுவுல ஓடுனதைச் சொல்லும்போது அது ஸ்டீரிங்குல இருந்து கையை எடுத்துருச்சு. அப்புறம் ஒண்ணு கேட்டுச்சு: "நீங்க ஓடுறதுக்கு முன்னாடி அவர் எத்தனை சுத்து சுத்துனாரு?"

பத்தைத் தாண்டியிருக்கும்னேன்.

"அப்ப அவருக்கு வந்திருச்சு சார். பத்துங்கிறது தற்செயலா வராது."

இதை அது எதுக்குச் சொல்லுது? தன் மேல பழி வந்துறக்கூடாதுன்னு சொல்லுது. எனக்குப் புரியாதா? ஆனா எனக்கு அங்கேயே அடக்க முடியாம வந்துருச்சு. கீழ இறங்கி, அந்தப் பொண்ணுக்கு என் மகன் வயசுதான் இருக்கும் தம்பி, அது கால்ல விழுந்துட்டேன். என் வீட்டுக்கு ஒரு தடவை வந்து, அந்த வீடியோ பொய்னு என் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரும்மான்னு கேட்டேன். ஊருக்குத் தெரிய வேண்டாம், அவன்கிட்ட மட்டும். யாராலயும் முடியாத ஒண்ணு தன்னாலயும் முடியலன்னா அவன் மனசு ஆறிரும்ல? அந்தப் பொண்ணு என்னைத் தூக்கி உக்கார வச்சுட்டு அழுதுச்சு. வர்றேன் சார், எப்ப வேணும்னாலும் வர்றேன், ஆனா பொய்னு மட்டும் சொல்ல மாட்டேன்னுருச்சு. அப்படிச் சொன்னா அவர் பண்ணதும் பொய்யாயிரும்னுச்சு. இது என்ன பேச்சு, எனக்கு விளங்கல.

வீட்டுக்கு வந்தேன். நான் கோயம்புத்தூர்ப் பக்கம் போயிட்டு வந்தது புஷ்பம் வழியா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உள்ள போறேன், கண்ணை மூடல. என்னைப் பாத்தான். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் என் புள்ள என்கிட்டப் பேசுனான்: "வண்டிக்குள்ள உக்காந்தியாப்பா?"

எனக்குக் காலு தரையில நிக்கல தம்பி. உக்காந்தேன்டான்னேன். எப்படி இருந்துச்சுன்னான். கட்டில்ல அவன் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பொண்ணு எங்க பாத்துச்சு, விரல் எப்படிக் கிடந்துச்சு, கால் எப்படித் துடிச்சுச்சு, வண்டி நின்னு உலகம் சுத்துனது. சொல்லச் சொல்ல அவன் கை போர்வை மேல வளையுது. எதிர்ப்பக்கம் ஒடிக்குது, விடுது, ஒடிக்குது. நானும் என் கையை வச்சுக் காட்டுறேன், இப்படி இல்லடா, இன்னும் லேசான்னு. புஷ்பம் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அந்தக் கொஞ்ச நேரம் போதும் தம்பி, அதோட உசுரு போயிருந்தாலும் சரின்னு இருந்தேன்.

அப்புறம் கேட்டான். "அப்ப நெசந்தானேப்பா?"

அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். இல்லடா, கண்கட்டு வேலை, கொஞ்ச நேரம் சுத்தலாம், ஒரு மணி நேரமெல்லாம் பொய், யாராலயும் முடியாது, உன்னாலயும் முடிஞ்சிருக்காது, அதனால நீ மனசை விட்டுறாதன்னு சொன்னேன். கை அப்படியே நின்னுருச்சு. போர்வைக்குள்ள எடுத்து வச்சுக்கிட்டான். சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கிட்டான்.

அன்னைக்கு இருந்து யாருகிட்டயும் பேசுறதில்ல. அவங்கம்மாகிட்டக்கூட. இர்பான் வந்து வந்து பாத்துட்டுப் போறான். சோறு ஊட்டுனா வாயைத் திறக்க மாட்டேங்குறான். மூக்கு வழியாக் குழாய் போட்டு ஊத்திக்கிட்டு இருக்காங்க. இப்படியே போனா தாங்காதுங்கன்னு வீட்டுக்கு வந்து பாத்த டாக்டர் நேத்து என்னை வெளிய கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. அதான் திரும்பப் போறேன். எப்படியாவது அந்தப் பொண்ணைக் கையோட கூட்டிட்டு வந்துறணும். அது வாயால பொய்னு சொல்லிருச்சுன்னா அவன் நம்பிருவான். என்கிட்டக் கேட்டு நம்பல, அவ்வளவுதான்.

என்ன தம்பி? சத்தமாக் கேளுங்க, இஞ்சின் இரையுது.

நான் நடுவுல போகாம இருந்திருந்தாவா?

அதெப்படி... நான் சொல்லலையா, வண்டி அவன் பிடியில இல்லன்னு. நான் டிரைவர், எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு சொன்னது பொய், அந்த வீடியோ பொய், அப்படிச் சறுக்கிக்கிட்டே ஒரு வண்டியைப் பிடியில வச்சிருக்கவே முடியாது. முடியும்னு வைங்க. ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன். முடியும்னா, அன்னைக்கு அவன் வண்டி அவன் பிடியிலதான் இருந்துச்சுன்னு ஆகும். அவன் பிடியில இருந்த வண்டிக்கு முன்னாடி நான் போய்...

வேண்டாம் தம்பி. அது பொய்யாவே இருக்கட்டும். நான் அந்தப் பொண்ணு கால்ல இன்னொரு தடவை விழுறேன், எத்தனை தடவை வேணும்னாலும் விழுறேன். அது பொய்யா இருந்தாத்தான் நான் அந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க முடியும்.

கிணத்துக்கடவு வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க, நான் இறங்குறேன்.